காயம் ஆறியும் விரல் மரத்தே இருக்கிறதா? நெசவாளர்கள் அலட்சியப்படுத்தக் கூடாத நரம்புக் காயம்... ஆபரேஷன் எப்படி நடக்கிறது? முழு விளக்கம்

பாவு நூலை வெட்டும்போது பிளேடு வழுக்குகிறது. ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு. துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றுவிடுகிறது. பக்கத்து கிளினிக்கில் 3 தையல், ஒரு டி.டி. ஊசி. பத்து நாளில் தையலும் பிரித்தாச்சு, தோலும் நன்றாக ஒட்டிக்கொண்டது. 'காயம் ஆறிடுச்சு' என்று மறுபடி தறியில் உட்கார்ந்தால் இழை கையில் தட்டுப்படவே இல்லை. விரல் மடங்குகிறது, நீள்கிறது. ஆனால் அதன் நுனியில் பாதி யாருடைய விரலோ போல இருக்கிறது.

நெசவு ஊர்களில் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடிய விஷயம் இது. வெளியே ஆறிய காயத்துக்கு உள்ளே அறுந்த நரம்பு அப்படியே கிடக்கலாம். அதோடு சீழும் சேர்ந்துவிட்டால் விரலையே இழக்கும் நிலை வரலாம். எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும், ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள், உணர்ச்சி திரும்ப எத்தனை நாள் ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆரணியில் விரல்தான் முதலீடு

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி என்றால் அரிசியும் பட்டும்தான் நினைவுக்கு வரும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊருக்குள் மட்டுமல்ல, தேவிகாபுரம், முனுகப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்று வட்டாரத்திலும் தறிச் சத்தம் கேட்கும்.

பட்டு நெசவில் கண்ணைவிடக் கை அதிகம் பார்க்கும் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு சேலை முடிந்து புதிய பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாக விரல் நுனியில் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். எந்த இழை தளர்ந்திருக்கிறது, எது அறுந்திருக்கிறது, ஜரிகை எங்கே பிசிறுகிறது என்பதை முதலில் சொல்வது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அந்த இரண்டு விரலின் நுனியில் உணர்ச்சி போனால், கை முழுசாக இருந்தும் தொழில் பாதியாகிவிடும்.

காயம்படும் வழிகளும் இங்கே நிறைய. நூல் வெட்டும் பிளேடு, கத்தரி, அச்சின் முனை, இறுக்கமாக ஓடும் இழை, விசைத்தறியிலும் முறுக்கு யூனிட்டிலும் சுழலும் பாகங்கள், அரிசி ஆலையின் பெல்ட். பட்டின் பசையை நீக்க, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை வேகவைப்பார்கள். சாயம் தோய்க்கும் வேலையில் கை எப்போதும் ஈரத்தில் இருக்கும். ஈரத்திலும் காரத்திலும் ஊறிய தோலில் வெடிப்பு விழும். வெடிப்பு இருந்தால் கிருமி நுழைவது சுலபம்.

எது நரம்பு? முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்போம்

பேச்சுத் தமிழில் நாம் மூன்று வேறு வேறு பொருட்களையும் 'நரம்பு' என்றே சொல்கிறோம். 'ஊசி போட நரம்பு கிடைக்கல' என்றால் அது ரத்தக்குழாய். 'நரம்பு அறுந்து விரல் மடங்க மாட்டேங்குது' என்றால் அது பெரும்பாலும் தசைநாண். 'விரல் மரத்துப்போச்சு' என்றால்தான் அது உண்மையான நரம்பு. டாக்டரிடம் சொல்லும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

- ரத்தக்குழாய்: விரலுக்கு ரத்தம் கொண்டுவருகிறது. அறுந்தால் ரத்தம் பீய்ச்சும். விரலின் இரண்டு பக்கக் குழாயும் போனால் விரல் வெளுத்துக் குளிர்ந்துவிடும்.
- தசைநாண்: முன்கைத் தசையின் இழுப்பை விரலுக்குக் கடத்தும் கயிறு. அறுந்தால் விரல் மடங்காது, அல்லது நீளாது.
- நரம்பு: தொடுதல், சூடு, வலி ஆகியவற்றை மூளைக்கு அனுப்பும் கம்பி. அறுந்தால் விரல் அசையும், ஆனால் உணர்ச்சி இருக்காது.

ஒவ்வொரு விரலின் உள்ளங்கைப் பக்கத்திலும், இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று இரண்டு முக்கிய நரம்புகள் ஓடுகின்றன. பருமன் ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீட்டர். பக்கத்திலேயே ரத்தக்குழாயும் ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் விரலின் ஓரத்தில் விழும் வெட்டில் ரத்தம் பீய்ச்சி அடித்தால், கூடவே நரம்பும் அறுந்திருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள்.

ஒரு பக்க நரம்பு மட்டும் அறுந்தால் விரல் நுனியில் அந்தப் பாதி மட்டும் மரத்துப்போகும். 'மீதிப் பாதியில் உணர்ச்சி இருக்கே' என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவரை ஒரு பஞ்சால் உங்கள் விரல் நுனியின் இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றி மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். அடுத்த கையில் உள்ள அதே விரலோடு ஒப்பிடுங்கள். தொடுவது தெரியாவிட்டாலோ, 'பஞ்சு வைத்துச் சுற்றிய மாதிரி' இருந்தாலோ சந்தேகம் உறுதியாகிறது.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. நரம்பு அறுந்த பகுதியில் வியர்வை சுரக்காது. அதனால் மற்ற விரல்கள் லேசாக ஈரப்பசையோடு இருக்கும்போது அந்த இடம் மட்டும் வறண்டு வழவழப்பாக இருக்கும். இன்னொன்று, தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவது நமக்குத் தெரியும். நரம்பு அறுந்த விரல் சுருங்காது. 1973-ல் ஓ'ரியெய்ன் என்ற மருத்துவர் இதை ஒரு எளிய பரிசோதனையாகவே எழுதினார். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் கையை வைத்திருந்தால் போதும். சரியாகப் பேச முடியாத குழந்தைகளுக்கு இது ரொம்பவே உதவும்.

கவனிக்க: திறந்த காயம் இருக்கும்போது தண்ணீர் பரிசோதனை வேண்டாம். தண்ணீரின் சூட்டையும் உணர்ச்சி உள்ள கையால்தான் பார்க்க வேண்டும்.

சீழ் பிடித்தால்... இந்த 4 அறிகுறிகள் எச்சரிக்கை மணி

விரலில் சீழ் என்றால் நகச்சுற்றுதான் பலருக்கும் தெரியும். நகத்தின் ஓரத்தில் வீங்கி, சிவந்து, சீழ் கட்டும். பெரும்பாலும் சின்ன சிகிச்சையில் தீரும். ஆனால் இரண்டு வகைச் சீழ் ஆபத்தானது.

முதலாவது, விரல் நுனியின் சதைப்பற்றில் கட்டும் சீழ். அந்தச் சதை, தோலையும் எலும்பையும் இணைக்கும் நார்களால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அறைக்குள் சீழ் சேர்ந்தால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறும், 'விண் விண்' என்று தெறிக்கும், தூங்க விடாது. விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் எலும்பையும் அரிக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். விரலை மடக்கும் தசைநாண் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. சின்னக் குத்துக் காயம் வழியாகக் கிருமி அந்தக் குழாய்க்குள் போய்விட்டால், சீழ் விரல் முழுக்கப் பரவும். தசைநாணுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு அது செத்துப்போகலாம். கட்டைவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் குழாய்கள் பலருக்கு மணிக்கட்டு வரை தொடர்கின்றன. அங்கே பிடித்த சீழ் கைக்குள்ளேயே ஏறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆலன் கனாவெல் சொன்ன அடையாளங்களைத்தான் டாக்டர்கள் இன்றும் பார்க்கிறார்கள். கைத் தொற்றுகள் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது 1912-ல், ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன்பு.

1. விரல் முழுக்க ஒரே சீராக வீங்கியிருக்கும்.
2. விரல் லேசாக மடங்கிய நிலையிலேயே இருக்கும்.
3. விரலின் உட்பக்கம் நெடுக, தசைநாண் ஓடும் பாதையில் தொட்டாலே வலிக்கும்.
4. அடுத்தவர் அந்த விரலை மெதுவாக நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

இதில் ஒன்றிரண்டு இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'நாளைக்கு ஒரு சேலை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்' என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நரம்பு ஏற்கெனவே அறுந்த விரலில் சீழ் பிடித்தால் வலி குறைவாகத்தான் தெரியும். சர்க்கரை நோயால் நரம்பு பழுதானவர்களுக்கும் இதே நிலைதான். வலியை மட்டும் நம்பிக் காத்திருந்தால் தாமதம்தான் மிஞ்சும். வீக்கம், சிவப்பு, சூடு, காய்ச்சல், கையில் மேலேறும் சிவந்த கோடு ஆகியவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் சீழ், பிறகுதான் நரம்பு... ஏன் இந்த வரிசை?

'ஒரே ஆபரேஷன்ல எல்லாத்தையும் சரி பண்ணிடக் கூடாதா டாக்டர்?' இது பலரும் கேட்கும் கேள்வி. பதில், காயத்தின் நிலையைப் பொறுத்தது.

கூர்மையான பிளேடு வெட்டு, சுத்தமான காயம் என்றால் நரம்பை உடனேயோ சில நாட்களுக்குள்ளோ தைத்துவிடலாம். விரலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் நரம்புக்காக மட்டும் அன்று இரவே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்று, இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. நாள் ஆக ஆக அறுந்த முனைகள் பின்வாங்கிச் சுருங்கும், தழும்பில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு இழுத்துச் சேர்ப்பது கஷ்டம்.

சீழ் இருந்தால் கதை வேறு. கிருமி இருக்கும் இடத்தில் போட்ட தையல் நிற்காது. நரம்பு ஒட்டுவதற்குப் பதில் சுற்றிலும் தழும்புதான் வளரும். அதனால் முதல் வேலை சுத்தம் செய்வது. காயத்தைத் திறந்து சீழை வெளியேற்றி, செத்துப்போன திசுக்களை நீக்கி, உப்புநீரால் கழுவுவார்கள். தசைநாண் குழாயில் சீழ் என்றால், விரலின் இரண்டு முனையிலும் சின்னதாகத் திறந்து, மெல்லிய குழாய் வழியாக உப்புநீர் செலுத்தி அலசுவது உண்டு. எடுத்த சீழை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கையில் பிடிக்கும் சீழுக்குப் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். ஒரு முறை சுத்தம் செய்தால் போதாமல் இரண்டு, மூன்று முறை தியேட்டருக்குப் போக வேண்டியும் வரலாம்.

காயம் சுத்தமாகி, தோலால் மூடப்பட்டு, தொற்று முழுக்க அடங்கிய பிறகுதான் நரம்பின் முறை. இடையில் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில் 'காயம்தான் ஆறிடுச்சே' என்று பாதியில் நின்றுவிட்டால் உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு கைநழுவிப்போகும்.

பட்டு இழை அளவு நூலால் ஒரு தையல்

சரி, ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

கைக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி, அல்லது முழு மயக்கம். ரத்தம் மறைக்காமல் இருக்க மேல்கையில் காற்றுப் பட்டை. பிறகு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வேலை தொடங்குகிறது. அறுந்த இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, நசுங்கிய பகுதியை நறுக்கி, நல்ல நரம்பு தெரியும் வரை கொண்டுவருவார்கள். நரம்பை ஒரு கேபிள் ஒயர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஓர் உறை, உள்ளே கட்டுக்கட்டாக இழைகள். உள்ளே இருக்கும் கட்டுகள் நேருக்கு நேர் அமையும்படி பொருத்தி, வெளி உறையில் மட்டும் சில தையல் போடுவார்கள்.

இதற்குப் பயன்படும் நைலான் நூல், தலைமுடியைவிட மெல்லியது. 9-0, 10-0 என்று அதற்கு எண் இருக்கிறது. சைபருக்கு முன்னால் உள்ள எண் ஏற ஏற நூல் மெலியும். 10-0 நூலின் பருமன் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர்தான். பட்டுக்கூட்டிலிருந்து உரித்தெடுக்கும் ஒற்றை இழையின் பருமனுக்குப் பக்கத்தில் வருகிறது. அறுந்த பாவு இழையைப் பிணைத்த விரலுக்குள், அதே அளவு மெல்லிய இழையால் நரம்பைப் பிணைக்கிறார்கள்.

தையலில் ஒரே கண்டிப்பான விதி, இழுத்துத் தைக்கக் கூடாது. இழுவிசை இருந்தால் நரம்பு வளராது. இடைவெளி அதிகமாக இருந்தால் மூன்று வழிகள் உண்டு.

- முன்கை அல்லது காலிலிருந்து, பெரிய பாதிப்பு தராத ஒரு தோல் நரம்பை எடுத்து நடுவில் ஒட்டுப்போடுவது.
- சின்ன இடைவெளி என்றால், உடம்பிலிருந்தே எடுத்த ஒரு ரத்தக்குழாய்த் துண்டைச் சுரங்கம் போல வைப்பது.
- அதற்கென்றே தயாரித்த செயற்கைக் குழாயை வைப்பது. இரு முனையும் குழாய்க்குள் நிற்க, நரம்பு அதன் வழியே வளரும்.

எடுத்த இடத்தில் கொஞ்சம் மரப்பு இருக்கும். அதை முன்கூட்டியே டாக்டர் சொல்லிவிடுவார்.

ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் உணர்ச்சி வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நரம்பு அறுந்ததும், வெட்டுக்கு அந்தப் பக்கம் விரல் நுனி வரை உள்ள இழைகள் எல்லாம் சிதைந்துபோகும். 1850-ல் ஆகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதை விவரித்தார். தையல் போடுவதால் பழைய இழை உயிர்பெறாது. புது இழை வளர ஒரு பாதை கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் புது இழை வளரும் வேகம், தொடக்கத்தில் சில வாரத் தாமதத்துக்குப் பிறகு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். விரலின் அடியில் வெட்டு என்றால், நுனிக்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர். அதாவது 70, 80 நாள், அதோடு தொடக்கத் தாமதம். மணிக்கட்டில் வெட்டு என்றால் அரை வருஷத்துக்கும் மேல். 'மூணு மாசம் ஆச்சு, ஒண்ணும் தெரியல' என்று மனம் விடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இழை வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நரம்பு ஓடும் பாதையில் விரலால் லேசாகத் தட்டினால், வளரும் முனை இருக்கும் இடத்தில் மின்சாரம் அடித்த மாதிரி சுரீர் என்று இருக்கும். வாரங்கள் போகப் போக அந்தச் சுரீர் நுனியை நோக்கி நகர வேண்டும். 1915-ல், முதல் உலகப் போர் காலத்தில், ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிவைத்த அடையாளம் இது. அதே இடத்திலேயே நின்று, தொட்டால் துடிக்கும் கட்டியாக மாறினால் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதல் மூன்று வாரம் போல விரலுக்குச் சிம்பு வைத்துப் பாதுகாப்பார்கள். அதன்பின் கைப் பயிற்சி. உணர்ச்சி திரும்பத் தொடங்கும்போது மூளைக்கு வரும் செய்தி குழம்பியே வரும். அதைப் பழக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பருத்தி, பட்டு, சணல் என்று தடவிப் பார்த்துச் சொல்வது, பிறகு கண் திறந்து சரிபார்ப்பது, தினமும் சில முறை. இந்தப் பயிற்சிக்கு ஆரணியில் பொருளுக்கா பஞ்சம்?

முழுசாகத் திரும்புமா? நேர்மையான பதில்: குழந்தைகளுக்கு மிக நன்றாகத் திரும்பும், பெரியவர்களுக்குப் பழையபடி நூறு சதவீதம் என்பது அரிது. நல்ல விரல் நுனியில் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு முனைகள் தொட்டாலும் இரண்டு என்று தனித்தனியாகத் தெரியும். தைத்த விரலில் அந்த அளவு நுட்பம் பலருக்கும் வராது. குளிரில் விரல் வலிப்பதும் கொஞ்ச காலம் இருக்கும். ஆனால் சூடு தெரியும், குத்தினால் தெரியும், பிடித்த பொருள் நழுவாது. விரலைக் காப்பாற்ற அது போதும். புகைபிடித்தால் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிக் குணமாவது தாமதமாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலூர் உலகுக்குச் சொன்ன பாடம்

உணர்ச்சி இல்லாத விரலுக்கு என்ன ஆகும் என்பதை உலகத்துக்குப் புரியவைத்த இடம் ஆரணிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வேலூர்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர், லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அவருக்கு நோயாளிகளின் கைகளைக் காட்டினார். விரல்கள் மடங்கி, குட்டையாகி, புண்ணாகி இருந்தன. 'நோய் விரலைத் தின்கிறது' என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை.

பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று தேடினார்கள். தொழுநோய்க் கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது. உணர்ச்சி போனபின் சுடு பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியவில்லை, கருவியின் பிடி உராய்ந்து புண்ணானாலும் தெரியவில்லை. தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியவில்லை என்று பிராண்ட் பிற்பாடு எழுதியிருக்கிறார். தெரியாத காயத்தை யாரும் கவனிக்கவில்லை, அதில் சீழ் பிடித்தது, எலும்பு அரித்தது, விரல் குறுகியது. விரலை அழித்தது வலியின்மையும், கவனிக்காமல் விட்ட தொற்றும்தான்.

மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்யும் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் ஆபரேஷன்களை அவர் செய்தார். ஆபரேஷனோடு நிறுத்தவில்லை. நோயாளிகள் தங்கித் தொழில் பழக நவஜீவ நிலையம் வந்தது. உணர்ச்சி இல்லாத கை கருவியைத் தேவைக்கு அதிகமாக அழுத்திப் பிடிக்கும் என்பதால், கருவிகளின் பிடிகளை மாற்றினார்கள். தினமும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். காட்பாடி அருகே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையும் 1955-ல் வந்தது.

அந்தப் பாடம் இன்று தறியில் விரல் மரத்தவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும் அப்படியே பொருந்தும். காயமே படாமல் விரலோ தோலோ மரத்துப்போனால், சர்க்கரை நோய், தொழுநோய் இரண்டுக்கும் பரிசோதிப்பது நல்லது. தொழுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிகிச்சை இலவசம், குணமாகும்.

நுனி போனாலும் வழி உண்டு... ஸ்டான்லி தந்த பரிசு

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-ல் கை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி. விரல் நுனி சாய்வாகத் துண்டானவர்களுக்கு, அதே விரலின் ஓரத்திலிருந்து முக்கோண வடிவில் தோலையும் சதையையும் நகர்த்தி நுனியை மூடும் முறையை அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்டார்கள். நகர்த்தும் சதையோடு நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்தே வருவதால், புது நுனியில் உணர்ச்சி இருக்கும். உலகக் கை அறுவை சிகிச்சை நூல்களில் இந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்திருக்கிறது.

விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

1965-ல் ஜப்பானில் கோமட்சு, தமாய் என்ற இரண்டு டாக்டர்கள், முழுசாகத் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப் உதவியோடு ஒட்டவைத்துக் காட்டினார்கள். இன்று தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள். ஆனால் துண்டை எப்படிக் கொண்டுபோகிறோம் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது.

1. காயத்தின் மேல் சுத்தமான துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். கயிறு, பட்டு நூல் கொண்டு இறுக்கிக் கட்ட வேண்டாம்.
2. துண்டான விரலில் அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். தேய்க்க வேண்டாம்.
3. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள்.
4. அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படவே கூடாது. பட்டால் திசு உறைந்து வீணாகும்.
5. 108-க்கு அழையுங்கள். 'விரல் துண்டாகிவிட்டது' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எங்கே போவது? செலவு?

முதலுதவிக்கும் டி.டி. ஊசிக்கும் ஆரணி அரசு மருத்துவமனை இருக்கிறது. அடுத்த கட்டத்துக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கண்ணமங்கலம் வழியாகப் போனால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. நுணுக்கமான கை ஆபரேஷனுக்குச் சென்னை ஸ்டான்லியின் தனிப் பிரிவு, கோவை கங்கா மருத்துவமனை ஆகியவை பெயர் பெற்றவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அதில் அடங்குமா என்று, மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் அட்மிட் ஆகும்போதே கேளுங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

செய்யவே கூடாதவை

- காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சாணம் வைக்கக் கூடாது. ரத்தம் நிற்க அழுத்திப் பிடித்தாலே போதும்.
- சீழ் பிடித்த விரலை வீட்டில் ஊசியால் குத்திப் பிதுக்கக் கூடாது. கிருமி தசைநாண் குழாய்க்குள் போக நாமே வழி திறந்துவிடுகிறோம்.
- மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாளில் நிறுத்தக் கூடாது.
- சர்க்கரை அளவைப் பார்க்காமல் விடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சீழ் வேகமாகப் பரவும்.
- மரத்த விரலால் கொதிக்கும் சாயத் தொட்டியையோ அடுப்புப் பாத்திரத்தையோ தொட்டுப் பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒரு விஷயம்

தையல் போடும் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'விரல் நுனியில் உணர்ச்சி இருக்கான்னு பார்த்தீங்களா?' மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஊசி போட்ட பிறகு எல்லா விரலும் மரத்துதான் இருக்கும், அப்போது கண்டுபிடிக்க முடியாது.

அன்றைக்குக் கேட்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. தையல் பிரித்த பிறகு பஞ்சு வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதி தெரியவில்லை என்றால் அதே வாரத்தில் கை அறுவை சிகிச்சை நிபுணரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ காட்டுங்கள். சில மாதம் கழிந்திருந்தாலும்கூடப் போய்க் காட்டலாம், ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் வாய்ப்பு இருக்கலாம். வலிக்கிற விரலை யாரும் மறக்க மாட்டார்கள். வலிக்காத விரலைத்தான் நாமாக நினைவு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.